ஆறாம் நம்பர் பூட்ஸ்

கமலவேணிக்கு ஒரு காலைக் காட்டினால் போதும், நம்பரைச் சொல்லிவிடுவாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிற பிரிவில் பதினோரு வருஷம் மிஷின் மிதித்தவளுக்கு அது பெரிய வித்தை இல்லைதான். ஆனால் அவள் அதைப் பெரிய வித்தையாகத்தான் வைத்திருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் மாப்பிள்ளை முகத்தை எட்டிப் பார்க்கும்போது இவள் குனிந்து பார்ப்பாள். மாப்பிள்ளைக்கு ஒன்பது, பெண்ணுக்கு மூன்று என்று பக்கத்தில் நிற்பவள் காதில் ஓதுவாள். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவளுடைய கால் நாலு. இடது காலில் பெருவிரலை ஒட்டிய எலும்பு பிறவியிலேயே துருத்திக்கொண்டிருக்கும். புதுச் செருப்பு எதை வாங்கினாலும் அந்த இடத்தில் கடிக்காமல் விடாது. சீமைக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறவளுக்குச் சொந்தக் காலுக்கு ஒரு செருப்பு அமையவில்லையே என்று கணவர் செங்கல்வராயன் கேலி செய்வார்.

செங்கல்வராயன் செய்தது அந்தப் பக்கத்தில் வேறு யாரும் செய்யாத வியாபாரம். வேலூரில் ஆஸ்பத்திரிகளிலும் மிஷன் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது, கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் புல்தரையில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் குளிர்சாதனப் பெட்டிக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொள்ள, இவர் கூடாரம், முதுகுப் பை, மடக்குக் கட்டில், தூங்கும் பை, மலை ஏறும் பூட்ஸ் என்று பொறுக்கிக்கொண்டு வருவார். மிலிட்டரி ஏலத்திலும் கொஞ்சம் எடுப்பார். அறுந்த வாரைத் தோல் துண்டு வைத்துத் தைத்து, கிழிந்த கான்வாஸுக்கு ஒட்டுப் போட்டு, சாரணர் வாத்தியார்களுக்கும் சர்வே ஆட்களுக்கும் காடு மேடு சுற்றப் பிரியப்படும் ஒன்றிரண்டு பேருக்கும் விற்பார். கூட்டாளி வாஹித் பாஷா. கடை என்று சொன்னால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகை, அவ்வளவுதான்.

தான் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்காத கூடாரத்தைச் செங்கல்வராயன் விற்கமாட்டார். அது அவருடைய சட்டம். அதற்கென்றே வருஷா வருஷம் பங்குனியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஏலகிரி மலைக்குப் போய் நாலைந்து நாள் இருந்துவிட்டு வருவார். ஊரில் இதைப் பைத்தியம் என்றார்கள். கமலவேணி முழுப் பைத்தியம் என்றாள். திரும்பி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார். புரச மரம் ஒரு இலைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று முழுக்கப் பூத்து நிற்கிறதாம். விடியற்காலையில் இலுப்பைப் பூ கூடாரத்து மேல் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தத்தில்தான் விழிப்பே வருமாம். புங்க மரத்துத் தளிர் வெயில் பட்டால் எண்ணெய் தடவினது மாதிரி மின்னுமாம். அவள் பாதி கேட்பாள், பாதி தூங்குவாள்.

ஒவ்வொரு வருஷமும் நீயும் வா என்பார். பங்குனியில்தான் கம்பெனியில் ஷிப்மென்ட் முட்டும், அந்த மாதம் யாருக்கும் லீவு கிடையாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். மலைப் பாதையில் ரப்பர் செருப்போடு எப்படி நடக்கிறது என்று ஒரு நொண்டிச் சாக்கும் சொல்வாள். சாக்குச் சொன்னவள் அதை அன்றே மறந்துவிடுவாள். கேட்டவர் மறக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம், வேலூரிலிருந்து மூட்டையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த செங்கல்வராயனை ஆம்பூர் வந்ததும் கண்டக்டர் தட்டி எழுப்பினார். அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஜன்னல் ஓரத்தில் தலை சாய்த்து, நன்றாகத் தூங்குகிறவர் மாதிரியே இருந்தாராம்.

காரியம் முடிந்து, அவருடைய போட்டோவைப் பெரிதாக்கி முன்னறையில் சாமி படங்களுக்குக் கீழே மாட்டினார்கள். கமலவேணி தினமும் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி அதற்கு ஒரு விளக்கு ஏற்றுவாள். பிள்ளை இல்லாத வீடு. அந்த விளக்கை ஏற்றிய பிறகுதான் அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

மாசி கடைசியில் கடையில் இருக்கும் சரக்கைப் பிரித்து ஒழுங்கு பண்ண வாஹித் பாஷா அவளைக் கூப்பிட்டார். பரண் மேலே, ஒரு கூடாரப் பையின் அடியில், உருது பேப்பரில் சுற்றி ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. பெண்பிள்ளை பூட்ஸ். நல்ல எருமைத் தோல், கணுக்கால் வரை உயரம், புது லேஸ், புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது. விற்கிற சாமானுக்கெல்லாம் ஒரு சீட்டுக் கட்டி விலை எழுதி வைப்பது செங்கல்வராயன் வழக்கம். இதில் சீட்டு இல்லை.

இது யாருடையது என்று கமலவேணி கேட்டாள். பாஷா தாடியைச் சொறிந்தார்.

"அது விக்கிறதுக்கு இல்ல பாபி. கார்த்திகையிலயே எடுத்தாந்தான். ஒரு ஆளுக்குன்னு வச்சிருக்கேன், விலை போடாதன்னு சொன்னான். யாருக்குன்னு நான் கேக்கல. தோஸ்த்தா இருந்தாலும் அதெல்லாம் கேக்க முடியுங்களா?"

அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை போய் விழுந்த இடம் சரியில்லை. கமலவேணி பூட்ஸின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தெளிவாக 6 என்று குத்தியிருந்தது.

ஆறு. தன்னுடையது நாலு.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த இடத்திலேயே காலை உள்ளே விட்டுப் பார்த்திருப்பாள். கமலவேணிக்கு அது தோன்றவே இல்லை. நம்பரைப் பார்த்த பிறகு காலை எதற்கு விடவேண்டும்? பதினோரு வருஷமாக இங்கிலாந்துக்குப் போகிற ஷூவில் அந்த நம்பர்களைத்தான் அவள் பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறாள். இடது பூட்ஸைத் திருப்பினாள். பெருவிரல் எலும்பு வரும் இடத்தில் தோல் ஒரு மேடாகப் புடைத்திருந்தது. யாரோ ஒருத்தி போட்டு நடந்து நடந்து தள்ளிய மேடு என்று தீர்மானித்தாள். எலும்பு துருத்தின காலாகவே தேடிப் பிடித்திருக்கிறார் பார், அதில் ஒரு ராசி போலிருக்கிறது என்று மனசுக்குள் கறுவினாள். கோபம் வந்தால் மனுஷிக்குக் கண் எதிரே இருப்பதுகூடக் கோணலாகத்தான் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாக முளைத்தது. ஒரு கூடாரத்தைச் சோதித்துப் பார்க்க நாலைந்து நாள் எதற்கு? திரும்பி வரும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு? கல்யாணமாகி ஆறாம் வருஷம் மாமியார் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது எனக்கு இவளே போதும் என்று எழுந்து போனாரே, அது அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. ஊருக்குத் தெரிந்து கட்டிக்கொள்ளாமல் மலையில் ஒருத்தியை வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாரோ என்று இப்போது அதற்கும் ஒரு அர்த்தம் கிடைத்தது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் விளக்கு ஏற்றவில்லை. மறுநாளும் ஏற்றவில்லை. சாமி படங்களுக்கு ஏற்றினாள், அவருக்கு இல்லை.

பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் இருக்கிறது வா என்று சூப்பர்வைசர் ஆள் அனுப்பியும் கமலவேணி போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஏலகிரிக்குப் பஸ் ஏறினாள். பதினோரு பங்குனியில் கிடைக்காத லீவு அன்றைக்கு ஒரு பொய்யில் கிடைத்துவிட்டது. அந்த ஆறாம் நம்பர்க்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாள்.

மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து பஸ் மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. பக்கத்து சீட்டுக்காரி தன் குழந்தைக்கு எதையோ காட்டி, பாரு பாரு, மரம் முழுக்கச் செகப்பு என்றாள். கமலவேணி திரும்பவில்லை. அவள் படியில் ஏறுகிற இறங்குகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு, நாலு, அஞ்சு, ஒரு ஏழு. ஏழு வேண்டாம்.

நிலாவூரில் இறங்கி, அவர் சொன்ன அடையாளத்தை வைத்து நடந்தாள். எவ்வளவு தூக்கத்தில் கேட்டிருந்தாலும் வழி மனசில் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். பெரிய பாறை, அதைத் தாண்டி இலுப்பைத் தோப்பு, தோப்பு ஓரத்தில் ஒரு டீக்கடை. தரையெல்லாம் பூ கொட்டிக் கிடந்தது. ரப்பர் செருப்பு அதில் வழுக்கியது. அவள் பூவைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

டீக்கடையில் ஒரு மலைக்காரப் பெண் இருந்தாள். நாற்பது வயசு இருக்கும். செருப்பு போடாத, விரல் அகன்ற கால். கமலவேணி அளந்தாள். ஆறு. ஏறக்குறைய ஆறு.

இங்கே ஆம்பூர்க்காரர் ஒருத்தர் கூடாரம் போடுவாரே, தெரியுமா என்று கேட்டாள். தெரியாமலா என்று அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியே போதும் என்று கமலவேணி முடிவு கட்டிவிட்டாள். வருஷா வருஷம் வருவார், கூட யாரும் வரமாட்டார்கள், தனியாகத்தான் வருவார், கடைக்கு முன்னால் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே நாலு டீ குடிப்பார் என்றாள் அவள். தனியாகத்தான் என்பதைக் கமலவேணி நம்பவில்லை. குற்றவாளி வேறு எப்படிச் சொல்வாள்?

"இந்த வருசம் இன்னும் காணோமே யம்மா. பூ கொட்டி முடியப்போவுது. உனுக்கு அவுரத் தெரியுமா?"

"வரமாட்டாரு" என்றாள் கமலவேணி.

ஏன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தான் யார் என்றும் சொல்லவில்லை. நடந்து வந்த களைப்புக்கு ஒரு டீ குடி, காசு வேண்டாம், அவர் ஊர்க்காரி நீ என்று அந்தப் பெண் தம்ளரை நீட்டினாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டாள். பகல் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

இரண்டு நாள் கழித்து வாஹித் பாஷா வந்தார். வேலூரில் அமிர்தவள்ளி என்று ஒரு டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்துச் சாரணிகளை ஏலகிரிக்குக் கூட்டிப் போகிறாள், கூடாரமெல்லாம் நம்மிடம்தான் எடுக்கிறாள், அவளுக்குப் பெண்பிள்ளை பூட்ஸ் ஆறாம் நம்பர் இருக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். இருக்கிறது என்று சொல்லவா வேண்டாமா என்று தயங்கினார். ஆளுக்குன்னு வைத்தது ஆயிற்றே.

"அந்த ஆளுக்கு நான் குடுக்கமாட்டேன், பாய். எடுத்துனு போயி டீச்சருக்குக் குடுத்துடுங்க. ஆறுதான், கரெக்டா இருக்கும், போட்டுப் பாக்க வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நம்பர் விஷயத்தில் கமலவேணி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பாஷா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது மாதிரிதான் இருந்தது.

சித்திரை பிறந்து ஒரு சனிக்கிழமை பகலில் அமிர்தவள்ளி டீச்சர் வீடு தேடி வந்தாள். கூடாரங்களைக் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டு நேராக வருகிறாள். முப்பது வயசுக்காரி, வெயிலில் மூக்கு நுனி கறுத்திருந்தது. கமலவேணி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பெண்பிள்ளைகள் முதல் நாள் பயந்து அழுதார்களாம். மறுநாள் விடியற்காலையில் கூடாரத்து மேல் பொத்துப் பொத்தென்று என்னவோ விழ, மழை என்று வெளியே ஓடிவந்து பார்த்தால் எல்லாம் இலுப்பைப் பூவாம். கடைசிப் பூவாம். பொறுக்கித் தின்று ஆட்டம் போட்டார்களாம். தோப்பு ஓரத்து டீக்கடைக்காரி, இந்தக் கூடாரத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்து, ஆம்பூர்க்காரர் எங்கே என்று கேட்டாளாம். காலமாகிவிட்டார் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அடுத்த வருசம் பொஞ்சாதியக் கூட்டியாரேன்னு ஒவ்வொரு வருசமும் சொல்லுவாரே யம்மா என்று சொல்லி அழுதாளாம்.

கமலவேணியின் கை அரிசியில் நின்றுவிட்டது.

டீச்சர் பையிலிருந்து பூட்ஸை எடுத்து வைத்தாள். "இதான் எனக்குப் போகலக்கா. பாதி பாதம்கூட நுழையல. மலைமேல தூக்கிக்கிட்டுப் போயி அப்படியே தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

கமலவேணிக்குச் சுருக்கென்றது. டீச்சர் காலைப் பார்த்தாள். ஆறு, சந்தேகமே இல்லை. பூட்ஸின் நாக்கைத் தூக்கினாள். அங்கேயும் ஆறு. "எப்படிப் போவாம இருக்கும்?" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் பாத்துட்டுச் சிரிச்சாங்க. இது அமெரிக்காவுல செஞ்சதாம். அவங்க பொம்பளைங்க நம்பரே வேறயாம். அங்க ஆறுன்னா நம்ம ஊர்ல நாலாம்."

கமலவேணி மறுபடியும் பூட்ஸின் நாக்கைத் தூக்கி அந்த நம்பரைப் பார்த்தாள். அவள் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர் ஒன்றுகூட வந்ததில்லை.

டீச்சர் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனாள். "யாருக்கோ ஆசையா பண்ணியிருக்காரு போலக்கா. இடது கால்ல மட்டும் இந்த மேட்டுக்கு உள்ளே கையை விட்டுப் பாருங்க. மெத்துன்னு புதுசா ஆட்டுத்தோல் வச்சு ஒட்டியிருக்கு. வலது கால்ல அது இல்ல."

ரயிலுக்கு நேரமாகிறது என்று டீச்சர் எழுந்தாள். கமலவேணி அவளை வழியனுப்பினாளா, என்ன சொல்லி அனுப்பினாள் என்பதெல்லாம் பிறகு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து இடது பூட்ஸுக்குள் கையை விட்டாள். குட்டி ஆட்டின் தோல், ஓரம் தெரியாமல் சீவி ஒட்டியிருந்தது. மேடு நடந்து தேய்ந்து வந்ததில்லை. மரக்கட்டை அச்சில் ஒரு தோல் துண்டை ஆணியடித்து வைத்து, ஈரத்தோடு இழுத்துப் பூட்டிக் காயவைத்து எழுப்பிய மேடு. இந்த வேலை எப்படிச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. கார்த்திகை மாதம் தன் இடது செருப்பு ஒன்று எட்டு நாள் காணாமல் போய்த் திரும்ப வாசலிலேயே கிடந்தது ஞாபகம் வந்தது. தெரு நாயின் வேலை என்று அந்த நாயை அவள் கல்லால் அடித்தாள். செங்கல்வராயன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம், நாய்தான் என்று சிரிக்காமல் சொன்னார்.

காலை உள்ளே விட்டாள். எலும்பு போய் ஆட்டுத்தோலில் உட்கார்ந்தது. முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக, காலில் போட்டது அந்த இடத்தில் அவளைக் கடிக்கவில்லை. விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. மலை இறங்கும்போது நகம் முட்டக் கூடாது என்று அதையும் யோசித்திருக்கிறார். ரப்பர் செருப்போடு எப்படி நடக்கிறது என்று அவள் எப்போதோ சொன்ன சாக்கை அவர் நிஜமென்று நம்பிவிட்டார்.

அவளுக்கு மலை ஞாபகம் வந்தது. அவர் கூப்பிட்ட பங்குனியில், அவர் சொன்ன பூவெல்லாம் பூத்து நிற்கும்போது, அவர் உட்கார்ந்த இடத்துக்கே அவள் போயிருந்தாள். கண்ணை மூடி யோசித்தாள். ஒரு மரம்கூட நினைவில்லை. என்ன பார்த்தாய் என்று அவர் கேட்டால், பஸ் படியில் பதினேழு காலும் டீக்கடையில் ஒரு காலும் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பெண் நீட்டிய டீயையும் குடிக்கவில்லை. இத்தனை நாளும் அவருக்கு ஒரு விளக்குகூட ஏற்றவில்லை. அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வலது பூட்ஸையும் போட்டுக்கொண்டு இரண்டு லேஸையும் இறுக்கிக் கட்டினாள். எழுந்தாள். அவள் வீட்டில் செருப்பு வாசற்படி தாண்டியது கிடையாது. வாஹித் பாஷாகூட வெளியில் கழற்றிவிட்டுத்தான் வருவார். கமலவேணி படியைத் தாண்டி, முன்னறைக்குள் நடந்தாள். சிமெண்டுத் தரையில் பூட்ஸ் சத்தம் கனமாகக் கேட்டது. சாமி படங்களுக்குக் கீழே, அவருடைய போட்டோவுக்கு நேரே போய் நின்று, பாதம் நன்றாகத் தெரியும்படி புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, பாருங்க" என்றாள். "சரியா இருக்குது."